வயர்லெஸ் ஆர்கேட் ஸ்டிக் வாங்குனா லேக் வருமா? திருப்பூர் வாசகருக்கு பதில்

திருப்பூர்ல இருந்து ஒரு வாசகர் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கார், பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டார். வயசு 41, பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறார். ஸ்கூல் விட்டதும் வீடியோ கேம் பார்லர்ல காயின் போட்டு முஸ்தபா கேம் ஆடுன தலைமுறை. இப்ப வீட்டு ஹால்ல 43 இன்ச் டிவி, அதுக்குப் பின்னாடி ராஸ்பெரி பை 4-ங்குற குட்டி கம்ப்யூட்டர், அதுல பழைய கேம் ஓட்டுற ரெட்ரோபை சாஃப்ட்வேர், சத்தத்துக்கு புளூடூத் சவுண்ட்பார். வயர் கேம்பேட்ல ஆடிக்கிட்டு இருந்தவருக்கு ரெண்டு தொல்லை. இடது கட்டைவிரல் அடிப்பக்கம் வலிக்குது. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவுல கிடந்த வயர்ல 70 தாண்டுன மாமியார் கால் தடுக்கி விழப் பாத்தாங்க, அன்னையில இருந்து ஹால்ல வயரே ஆகாதுன்னு வீட்டம்மா சொல்லிட்டாங்க.

அதனால வயர்லெஸ் ஆர்கேட் ஸ்டிக், அதாவது பார்லர் மெஷின் மாதிரி லீவரும் பட்டனும் உள்ள பெட்டி, வாங்க கிளம்பியிருக்கார். நண்பர் ஒருத்தர் "வயர்லெஸ்னா லேக்தான், தண்டச்செலவு"ன்னு சொல்றார், லேக்னா பட்டன அமுக்குனது திரையில லேட்டா நடக்குறது. ஆன்லைன்ல "10,000 கேம், வயர்லெஸ், ஒரே பெட்டி"ன்னு ஒண்ணு கண்ணுல படுது. சிங்கப்பூர்ல இருக்குற மச்சான் அடுத்த மாசம் ஊருக்கு வர்றார், அவர்கிட்ட சொல்லி விடலாமான்னு யோசனை. சான்வாங்குற ஜப்பான் கம்பெனி பார்ட்ஸ் இல்லாத ஸ்டிக் வேஸ்ட்னு எங்கயோ படிச்சிருக்கார். பையனோட பிஎஸ்4-லயும் அதையே மாட்டிக்கலாம்னு நெனைக்கிறார். கடைசியா, 9 வயசுப் பையனுக்கும் சேத்து ரெண்டா வாங்கிடலாமான்னு கேட்டிருக்கார். நடுவுல ஒரு வரி, அவரே பெருசா எடுத்துக்கல: "இப்பவே குத்து கொஞ்சம் லேட்டா விழுற மாதிரிதான் இருக்குங்ணா."

தம்பி, அந்த ஒரு வரியிலதான் பாதி பதில் இருக்கு. நீங்க இப்ப ஆடுறது வயர் பேட்ல. அதுலயே லேட்டா விழுதுன்னா, இன்னும் வாங்காத வயர்லெஸ் மேல பழி போட முடியாதுல்ல?

லேக் எங்க இருந்து வருது

உங்க நண்பர் சொல்றது பொய் இல்ல, வயர விட வயர்லெஸ் கொஞ்சம் லேட்தான், ஆனா எவ்வளவு லேட்டுன்னு அவர் சொல்லலையே. பழைய ஆர்கேட் கேமுங்க பெரும்பாலும் செகண்டுக்கு 60 ஃப்ரேம் கிட்ட ஓடும், அப்ப ஒரு ஃப்ரேம்ங்குறது 16.7 மில்லிசெகண்ட். கூடவே டாங்கிள் (யுஎஸ்பி போர்ட்ல சொருகுற குட்டி சிக்னல் ரிசீவர்) வச்சு வர்ற நல்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் ஸ்டிக் அந்த ஒரு ஃப்ரேமுக்குள்ளயே அடங்கிடும். புளூடூத் ஒரு ஃப்ரேம் அளவுக்கு இழுக்கும், சமயத்துல அதுக்கு மேலயும் போகும், பக்கத்துல வைஃபை, இயர்போன்னு ஓடிக்கிட்டு இருந்தா ஏறி இறங்கும், அந்த ஏத்த இறக்கம்தான் எரிச்சல், ஏன்னா ஒரே சீரா லேட் ஆனா கை பழகிக்கும், இப்படி மாறி மாறி வந்தா பழகவே பழகாது.

இப்ப டிவி பக்கம் வாங்க. டிவி சினிமா மோட்லயோ ஸ்டாண்டர்ட் மோட்லயோ இருந்தா படத்த வழவழப்பாக்குறேன்னு ஒவ்வொரு ஃப்ரேமையும் கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சுட்டுதான் காட்டும். 50 மில்லிசெகண்ட் சர்வ சாதாரணம், சில செட்டுல 100 தாண்டும், அதாவது ஆறு ஃப்ரேம். நண்பர் பயப்படுறது ஒரு ஃப்ரேமுக்கு, உங்க டிவி ஆறு ஃப்ரேம் தின்னுட்டு சும்மா உக்காந்திருக்கலாம். பிக்சர் செட்டிங்ஸ்ல போய் கேம் மோட் போடுங்க, பை எந்த எச்டிஎம்ஐ போர்ட்ல இருக்கோ அந்த போர்ட்டுக்குப் போடணும், பல டிவில போர்ட்டுக்கு போர்ட் தனி செட்டிங்.

அடுத்தது அந்த சவுண்ட்பார். புளூடூத்ல சத்தம் போறதுக்கு சாதாரணமா 100-ல இருந்து 200 மில்லிசெகண்ட் ஆகும். படம் பாக்கும்போது தெரியாது, டிவியே உதட்டசைவுக்கு ஏத்த மாதிரி சரி பண்ணிக்கும். கேம்ல அது நடக்காது, நீங்க எப்ப அமுக்குவீங்கன்னு முன்னாடியே அதுக்குத் தெரியாதுல்ல. கண்ணுக்கு குத்து விழுந்துடும், "டிஷ்யூம்" பின்னாடி வரும், மூளை ரெண்டையும் சேத்து கன்ட்ரோலர் லேட்னு முடிவு பண்ணிடும். சவுண்ட்பார எச்டிஎம்ஐ ஆர்க் கேபிள்லயோ ஆப்டிகல்லயோ மாட்டுங்க. அந்த வயர் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடியே போயிடும், மாமியார் காலுக்கு வராது.

இதெல்லாம் என் பேச்ச நம்பி பண்ண வேணாம், நீங்களே அளந்து பாத்துடலாம். போன் கேமராவ ஸ்லோ மோஷன் 240 ஃப்ரேம்ல வைங்க. ஒரே ஃப்ரேமுக்குள்ள உங்க கட்டைவிரலும் தெரியணும், டிவி ஸ்கிரீனும் தெரியணும். முஸ்தபாவ சும்மா நிக்க வச்சுட்டு ஜம்ப் பட்டன படார்னு அமுக்குங்க, பத்து தடவ பண்ணுங்க. அப்புறம் வீடியோவ ஒவ்வொரு ஃப்ரேமா நகத்தி, பட்டன் அடி வரைக்கும் போன ஃப்ரேம்ல இருந்து அவர் கால் தூக்குற ஃப்ரேம் வரைக்கும் எண்ணுங்க. ஒவ்வொண்ணும் சுமார் 4.2 மில்லிசெகண்ட். 40 ஃப்ரேம் வந்தா சுமார் 167 மில்லிசெகண்ட்னு அர்த்தம். கேம் மோட் போட்டுட்டு திரும்ப எண்ணுங்க. கேமே உள்ளுக்குள்ள ரெண்டு மூணு ஃப்ரேம் எடுத்துக்கும், அது 1993-லயும் எடுத்துச்சு, அதனால பூஜ்யம் வரலையேன்னு கவலப்பட வேணாம். அதுக்கு மேலயும் கொறைக்கணும்னா ரெட்ரோபைக்குள்ள இருக்குற ரெட்ரோஆர்க்ல ரன்-அஹெட்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுல 1 ஃப்ரேம் வச்சுப் பாருங்க, பழைய கேமுக்கு பை 4 தாங்கும், படம் திக்குச்சுன்னா எடுத்துடுங்க.

உங்க வீட்டுக்கு வயர்லெஸ் சரிதானா

சரிதான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. போட்டிக்குப் போய் ஆடுறவங்க வயர்ல ஆடட்டும், அங்க பத்து பேர் சிக்னல் ஒரே ரூம்ல மோதும். வயசான மனுஷி நடமாடுற ஹால்ல வயர குறுக்க போட்டுட்டு அரை ஃப்ரேம் மிச்சம் பண்றது புத்திசாலித்தனம் இல்ல. இடுப்பெலும்பு முறிஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஒரே ஒரு விஷயம், டாங்கிளோட வர்ற மாடலா பாருங்க, வெறும் புளூடூத் மட்டும் உள்ளது வேணாம்.

டாங்கிள எங்க சொருகுறோம்ங்குறதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. பை 4-ல நீலக் கலர் போர்ட் ரெண்டு, கறுப்பு ரெண்டு. நீலம் யுஎஸ்பி 3, அது வேல செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமே இரைச்சல் கிளப்பும், இன்டெல் கம்பெனியே 2012-ல இத அளந்து எழுதி வச்சிருக்கு. நீலத்துல கேம் இருக்குற ஹார்ட் டிஸ்க், அதுக்குப் பக்கத்து ஓட்டைலயே டாங்கிள், முன்னாடி டிவியோட தகரம் – இப்படி வச்சுட்டு சிக்னல் விட்டு விட்டு வருதுன்னு ஸ்டிக்க திட்டுவாங்க. கறுப்பு போர்ட்ல ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் மாட்டி, டாங்கிள டிவிக்கு முன்பக்கம் சோபா கண்ணுக்குத் தெரியிற மாதிரி கொண்டு வந்து ஒட்டி விடுங்க. முடிஞ்சா பை-யோட வைஃபையயும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திடுங்க. நூறு இருநூறு ரூபா கேபிள்ல போயிடும் அந்தப் பிரச்சனை.

ரேடியோவ விட லீவர்தான் பெருசு

நீங்க கேக்காத கேள்வி இது, ஆனா கேட்டிருக்கணும். என்னென்ன ஆடுவீங்கன்னு ஒரு லிஸ்ட் குடுத்திருக்கீங்க: முஸ்தபா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, மெட்டல் ஸ்லக், பபிள் பாபிள், பையனுக்கு பேக்-மேன், டாங்கி காங். இதுல கடைசி ரெண்டும் வேற ஜாதி.

லீவருக்கு அடியில நாலு மைக்ரோஸ்விட்ச் இருக்கும், மேல கீழ இடது வலது. மூலைக்குத் தள்ளுனா ஒரே நேரத்துல ரெண்டு ஸ்விட்ச் அமுங்கும், அதுதான் குறுக்கு திசை. ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல ஹடோக்கன்ங்குற பந்து அடி விட அது கட்டாயம் வேணும். ஆனா பேக்-மேனும் (1980) டாங்கி காங்கும் (1981) நாலே திசை உள்ள லீவருக்குன்னு செஞ்ச கேம். அதுல மூலைக்கே இடம் கிடையாது. எட்டு திசை லீவர்ல பேக்-மேன் ஆடுறப்ப இடது பக்கம் போய்க்கிட்டே மேல திரும்பணும்னு தள்ளுவீங்க, கை லேசா சாஞ்சு இடதும் மேலயும் சேந்து அமுங்கும், கேமுக்கு எத எடுக்கணும்னு கொழப்பம், திருப்பத்த விட்டுட்டு நேரா போய் பேய் வாயில விழுவீங்க. டாங்கி காங்ல ஏணிகிட்ட போய் நின்னு ஏற மாட்டேங்குதுன்னு பையன் கத்துவான். ரெண்டு பேரும் சேந்து வயர்லெஸ் லேக்னு சொல்லுவீங்க. அது லேக்கே இல்ல.

லீவருக்கு அடியில கேட்னு ஒரு தகடு இருக்கும், லீவர் எந்தப் பக்கம் எவ்வளவு போகலாம்னு அதுதான் எல்லை கட்டும். ஜப்பான் ஸ்டைல்ல பெரும்பாலும் சதுரம். சான்வா ஜேஎல்எஃப் மாதிரி லீவர்ல அந்தச் சதுரத்த 45 டிகிரி திருப்பி வச்சா மூலையெல்லாம் நேர் திசைக்கு வந்துடும், குறுக்குல போக இடம் இருக்காது, நாலு திசை லீவர் ஆயிடும். எண்கோண கேட்டும் தனியா கிடைக்கும், முஸ்தபா மாதிரி சுத்திச் சுத்தி அடிக்கிற கேமுக்கு சில பேருக்கு அது புடிக்கும், எனக்கு சதுரமே போதும். ஸ்டிக் திறந்து திருப்பவெல்லாம் நேரமில்லன்னா எமுலேட்டர் (பழைய மெஷின் மாதிரி நடிச்சு கேம ஓட்டுற சாஃப்ட்வேர்) செட்டிங்ஸ்ல அந்த கேமுக்கு மட்டும் நாலு திசைன்னு சொல்லிடலாம், மேம் (MAME) எமுலேட்டர்ல இந்த வசதி இருக்கு, நிஜ கேட் அளவுக்கு வராது, ஆனா பையன் ஏணி ஏறிடுவான்.

சான்வா விஷயம். நல்ல சாமான்தான், ஜப்பான்ல நிறைய ஆர்கேட் மெஷின்ல அதுதான் இருக்கு, எனக்கு மால் கேம் ஜோன்ல மெஷின் சர்வீஸ் பாக்குறதுதான் பொழப்பு, அந்தக் கம்பெனி பட்டன் எத்தன குத்து தாங்கும்னு கண்ணால பாக்குறேன். ஆனா அது இல்லாத ஸ்டிக் வேஸ்ட்ங்குறது தப்பு. ஸ்டிக் வாங்கும்போது பட்டன் ஓட்டை 30 மில்லிமீட்டரா, லீவர் மாட்டுற பிளேட் சான்வாவுக்குப் பொருந்துமா, அடிப்பக்கம் ஸ்க்ரூ கழட்டித் திறக்க முடியுமா – இத மட்டும் பாத்துட்டா போதும். கூட வர்ற லீவர்லயே ஆறு மாசம் ஆடுங்க, கை குறை சொன்னா லீவர மட்டும் மாத்திக்கலாம். பட்டன் எண்ணிக்கையப் பாத்தும் மயங்க வேணாம். முஸ்தபாவுக்கு ரெண்டு, மெட்டல் ஸ்லக்குக்கு மூணு நாலு, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு ஆறு. எட்டு இருந்தாலே ரெண்டு சும்மாதான் கிடக்கும்.

அப்ப எத வாங்குறது

உங்க தேவைக்கு நேரா வந்து நிக்குறது எய்ட்பிட்டோ கம்பெனியோட ஆர்கேட் ஸ்டிக், 2020-ல வந்தது. புளூடூத், 2.4 டாங்கிள், யுஎஸ்பி-சி வயர் மூணும் இருக்கு. 1000 எம்ஏஎச் பேட்டரி, டாங்கிள்ல 40 மணி நேரம் வரும்னு கம்பெனி சொல்லுது, அதுல பாதி வந்தாலும் உங்களுக்கு ஞாயித்துக்கிழமைங்க ஓடிடும். பட்டனும் லீவரும் மாத்திக்கலாம். எடை ரெண்டு கிலோ பக்கம், மடியில வச்சா நகராம உக்காரும். கூட வர்ற லீவர் சுமார்தான், இத ஒளிக்க விரும்பல. பை-ல போடும்போது மேல இருக்குற ஸ்விட்ச்ச எக்ஸ்-இன்புட் பக்கம் தள்ளி வைங்க, லினக்ஸ் அத எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்னு எடுத்துக்கும். லீவர் எதுவா வேல செய்யணும்னு இன்னொரு ஸ்விட்ச் இருக்கு, அத டி-பேட் (பேட்ல இருக்குற திசை பட்டன்) பக்கம் வைங்க, இல்லன்னா சில கேம்ல லீவர் செத்த மாதிரி கிடக்கும், நீங்க ரிட்டர்ன் போட ஓடுவீங்க. எக்ஸ்பாக்ஸுக்குன்னு தனி மாடல் இருக்கு, ஆர்டர் போடும்போது மாறிடாம பாத்துக்குங்க.

பிஎஸ்4-க்கு இது நேரா சேராது. வயர்லெஸ்ங்குறதால எல்லா கன்சோலும் ஏத்துக்கும்னு நெனைக்காதீங்க, ஒவ்வொரு கம்பெனியும் தன் கதவுக்குத் தனி பூட்டு போட்டு வச்சிருக்கு. லைசென்ஸ் இல்லாத ஸ்டிக்க அடாப்டர் வழியா பிஎஸ்4-ல மாட்டுனா எட்டு நிமிஷத்துல கனெக்‌ஷன் விட்டுப் போற கதையெல்லாம் உண்டு. பையன் அதுக்கு அவன் கன்ட்ரோலரே வச்சுக்கட்டும்.

அந்த 10,000 கேம் பெட்டி

வேணாம். உங்ககிட்ட பை இருக்கு, அதே வேலைய அது இன்னும் நல்லா செய்யும். பத்தாயிரம்னு போட்டிருக்குறதுல ஒரே கேமே நாலு நாட்டு வெர்ஷன், ஹேக் பண்ண வெர்ஷன்னு திரும்பத் திரும்ப வரும். சிலது தனியா கன்ட்ரோலரா வேற எதுலயும் வேல செய்யாது, பெட்டி போனா ஸ்டிக்கும் போச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். "பழைய கேம்தானே, ஃப்ரீ ஆயிருக்கும்"னு எழுதியிருக்கீங்க. ஆகல. நம்ம ஊர் காப்பிரைட் சட்டம் 1957-படி இந்த மாதிரி படைப்புகளுக்கு வெளியான பிறகு 60 வருஷமாவது உரிமை இருக்கு, பேக்-மேனுக்கே இன்னும் முடியல. எமுலேட்டர் வச்சிருக்குறது தப்பில்ல, உரிமை இல்லாத கேம் ஃபைல ஏத்தி விக்கிற பெட்டிதான் தப்பு. வீட்டுல உக்காந்து ஆடுறவர தேடி யாரும் வந்ததா நான் கேள்விப்படல, ஆனா அது சட்டப்படி சரின்னு என் வாயால வராது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, ஃபைனல் ஃபைட் எல்லாம் கேப்காமே தொகுப்பா விக்குது, பழைய நாம்கோ, எஸ்என்கே கேமுங்க ஆர்கேட் ஆர்கைவ்ஸ் வரிசைல தனித்தனியா கிடைக்குது, பிஎஸ்4-லயே வாங்கலாம். முஸ்தபா மட்டும் பாவம். கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்ங்குறது அதோட நிஜப் பேர், ஒரு காமிக்ஸ் உரிமை, கூட கார் கம்பெனி பேர் வேற, அந்த ஆர்கேட் கேம் முறைப்படி எந்த வீட்டு கன்சோலுக்கும் வந்ததே இல்ல. நம்மாளுங்க பாதிப்பேருக்கு அந்தப் பேரே தெரியாது.

மச்சானா, இங்க உள்ள விற்பனையாளரா

மச்சான் கொண்டு வந்தா விலை கொறையலாம், மாடல் நிச்சயம் கிடைக்கும். ஆனா லீவர் ஒரு பக்கம் அமுங்கலன்னா யார்கிட்ட போவீங்க? அங்க வாங்குனதுக்கு இங்க வாரன்ட்டி பெரும்பாலும் செல்லாது, ரெண்டு கிலோ சாமான திருப்பி அனுப்புற கூலிலயே லாபம் போயிடும். விலை வித்தியாசம் நாலுல ஒரு பங்குக்கு மேல இருந்தா மட்டும் மச்சான்கிட்ட சொல்லுங்க, அவர் அங்க பெட்டிய பிரிச்சு எல்லா பட்டனும் அமுக்கிப் பாத்துட்டு, ஃபுல்லா ஆஃப் பண்ணி கொண்டு வரட்டும், உள்ள லித்தியம் பேட்டரி இருக்குறதால கைப்பையிலயே வச்சுக்கிட்டா நல்லது.

இங்க வாங்குனா பில்லோட வாங்குங்க. "நோ ரிட்டர்ன்"னு பக்கத்துல போட்டிருந்தா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு எழுதியிருக்கீங்க, அது அப்படியில்ல. 2020-ல வந்த ஈ-காமர்ஸ் விதிகள்படி சாமான் பழுதா இருந்தாலோ, விளம்பரத்துல சொன்னது ஒண்ணு வந்தது ஒண்ணுன்னு இருந்தாலோ விற்பனையாளர் திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. "கலர் புடிக்கல"ன்னு சொன்னா அவர் பாலிசிதான் பேசும், அதயும் இதயும் கொழப்பிக்காதீங்க. பெட்டி பிரிக்கிறத வீடியோ எடுத்து வைங்க, சட்டத்துல அப்படி கட்டாயம் இல்ல, ஆனா வாய்த்தகராறு மிச்சம். இழுத்தடிச்சா 1915-க்கு கூப்பிட்டு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணுங்க, நிறைய அங்கயே முடிஞ்சுடும். முடியலன்னா உங்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடலாம், விற்பனையாளர் டெல்லில இருந்தாலும் சரி, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். சாமான் வந்த முதல் நாளே எல்லா பட்டனும் எட்டு திசையும் டாங்கிள்லயும் வயர்லயும் டெஸ்ட் பண்ணிடுங்க, ரிட்டர்ன் நாள் முடிஞ்ச பிறகு கண்டுபிடிச்சு புண்ணியமில்ல.

கட்டைவிரல் வலி பத்தி நான் சொல்ல ஆள் இல்ல. ஸ்டிக்ல கட்டைவிரல் வேலை கொறையும், அந்த பாரம் மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் போகும். மடியில உயரமா வச்சு மணிக்கட்டு மடங்குற மாதிரி ஆடுனீங்கன்னா ஒரு வலி போய் இன்னொண்ணு வரும், லீவர இறுக்கிப் பிடிக்காம விரல்ல லேசா பிடிங்க. ரெண்டு மூணு வாரம் பேட தொடாமலே வலி இருந்தா, இல்ல டம்ளர் தூக்குறப்ப சுருக்குனு பிடிச்சா, எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுக்கப்புறம் ஸ்டிக் ஆர்டர் போட்டா போதும்.

பையனுக்கு இன்னொண்ணு இப்ப வேணாம். 9 வயசுல பாதிப்பேருக்கு ஸ்டிக் புடிக்காது, பேட்லதான் கை ஓடும். பழைய வயர் பேட அவன்கிட்ட குடுத்தா திரும்ப ஹால்ல வயர் வந்துடும், அதனால அவனோட பிஎஸ்4 கன்ட்ரோலரயே பை-ல புளூடூத்ல பேர் பண்ணி விடுங்க, சேரும். ஆனா அப்புறம் பிஎஸ்4 ஆடணும்னா அதுல திரும்ப ஒருதடவ கேபிள் மாட்டி சேக்க வேண்டியிருக்கும், அத அவன்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. பபிள் பாபிள் ரெண்டு பேர் ஆடுறப்ப பெரும்பாலும் முதல்ல கனெக்ட் ஆகுறதுதான் பிளேயர் 1 ஆகும், அதனால ஸ்டிக்க முதல்ல ஆன் பண்ணுங்க, இல்லன்னா பச்சை டைனோசர் யாருக்குன்னு ஒவ்வொரு தடவயும் செட்டிங்ஸ்ல போய் மாத்திக்கிட்டு இருக்கணும்.